பள்ளி உளவியலாளர் ஆக என்ன படிக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

பள்ளிகளில் மாணவர்களின் கற்றல் சிக்கல்களையும் மனநலத்தையும் கவனிக்கும் உளவியலாளர்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, அந்தப் பணிக்கு உரிய படிப்பையும் பயிற்சியையும் பற்றிக் கேட்டு மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால், அவற்றைச் சேர்த்து, தேவையான இடத்தில் விரிவாகவும் மற்ற இடங்களில் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு மாணவி. எங்கள் பள்ளிக்கு வந்து பேசிய உளவியலாளர் ஒருவரைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்தப் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற ஆசை. அறிவியல் பிரிவில் படிக்காதது தடையாகுமா? மொத்தம் எத்தனை ஆண்டு படிக்க வேண்டியிருக்கும்? – மாணவி, அருப்புக்கோட்டை

வணிகவியல் படித்தது தடையில்லை. உளவியல் இளங்கலைக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் தமிழகத்தில் நிறைய உள்ளன. பி.எஸ்சி. பட்டமாக நடத்தும் சில கல்லூரிகள் அறிவியல் பாடத்தைக் கேட்கக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை விதியைப் பார்த்துவிடுங்கள். கணக்குப் பதிவியலில் எண்களோடு பழகியிருப்பது உங்களுக்கு உதவவே செய்யும். ஒரு குழந்தை பெற்ற மதிப்பெண், அதே வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அந்த விலகல் பொருட்படுத்தத் தக்கதுதானா என்பதை அறியாமல் எந்த உளவியல் சோதனையின் முடிவையும் படிக்க முடியாது. அதனால் புள்ளியியல் பாடத்தைக் கண்டு ஒதுங்கும் மாணவர்கள் பின்னால் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு என்று குறைந்தது ஐந்து ஆண்டுப் படிப்பு இது. சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உளவியல் துறைகள் உள்ளன. தனியார் கல்லூரிகளும் பல இருக்கின்றன. ‘பள்ளி உளவியல்’ என்ற பெயரிலேயே முதுகலை நடத்தும் இடங்கள் நம் நாட்டில் அரிது. பயன்பாட்டு உளவியல், ஆலோசனை உளவியல், மருத்துவ உளவியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து, குழந்தை வளர்ச்சியையும் கற்றல் சிக்கல்களையும் விருப்பப் பாடமாகவோ ஆய்வுத் தலைப்பாகவோ எடுத்துக்கொண்டு பள்ளிப் பணிக்கு வருவதே இங்கே பெரும்பாலோரின் வழி.

உரிமம் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி உளவியலாளர் என்று தனியாக ஓர் உரிமம் இந்தியாவில் கிடையாது. உளவியலாளர்களில் மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர் ஆகிய பிரிவினரை, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் படித்து முடிக்கும் காலத்தில் அந்தச் சட்டத்தின்படியான பதிவும் தேவைப்படலாம் என்பதால், அங்கீகாரம் பெற்ற முழுநேரப் படிப்பாகவே தேர்ந்தெடுங்கள்.

மருத்துவ உளவியலாளராகவும் பதிவு பெற விரும்பினால், முதுகலைக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். என்பதே நீண்ட கால வழக்கமாக இருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் பயின்று வந்தவர்கள் பலரை நம் ஊர்களில் காணலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளின் மூலம் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியபோதும், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அதற்குப் பிந்தைய படிப்பு முறை மாறிவருவதால், நீங்கள் அந்தக் கட்டத்தை எட்டும் ஆண்டில் மறுவாழ்வுக் குழுமத்தின் அறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதிலும் சேர்ந்துவிடாதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பார்ப்பதைவிட, ‘முதுகலை மாணவர்கள் எத்தனை மணி நேரம் நேரடியாகக் குழந்தைகளோடு பணியாற்றுகிறார்கள், அப்போது அவர்களை மேற்பார்வை செய்பவர் யார்’ என்ற கேள்வியைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில், நல்ல துறைகள் இதற்கு உடனே தெளிவான பதில் சொல்கின்றன.

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பி.எட். முடித்திருக்கிறேன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போக இயலாது. தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் படித்து மனநல ஆலோசகராகலாமா? ஆறு வார ஆன்லைன் சான்றிதழ் படிப்பு போதும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறதே? – ஆசிரியை, திருப்பூர்

தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் உளவியல் பட்டப் படிப்புகளுக்குப் புதிய சேர்க்கை நடத்துவதை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து நிறுத்திவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளுக்கு நேரடிப் பயிற்சி தேவை என்பதே காரணம். ஆகவே இனி அத்தகைய சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்களைப் போல் வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களுக்கு இது ஒரு கதவை மூடியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். குழந்தையைப் பார்த்துப் பழகாமல் பாடநூலை மட்டும் படித்துப் பட்டம் பெற்றவர், முதன்முதலாக ஒரு குழந்தையின் எதிரே உட்காரும்போது அதன் விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தை.

ஆறு வாரச் சான்றிதழ் போதாது. வகுப்பறையில் ஒரு குழந்தையைப் பொறுமையாக அணுக அது உங்களுக்கு உதவலாம். உங்களை உளவியலாளர் ஆக்காது.

உங்களுக்கு ஏற்ற வேறொரு வழி இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., வழிகாட்டலும் ஆலோசனையும் என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பைப் பணியில் உள்ள ஆசிரியர்களை மனத்தில் வைத்தே நடத்திவருகிறது. ஆறு மாதம் வீட்டிலிருந்தபடி படிப்பு, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி என்பது அதன் அமைப்பு. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் நமக்கு அருகில் உள்ள மையங்களில் ஒன்று. அந்த மூன்று மாத நேரடி வகுப்புக்கு மட்டும் பள்ளி விடுப்பும் வீட்டாரின் ஒத்துழைப்பும் வேண்டும். சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் ஆண்டின் தகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முடித்தால் ஆசிரியையாகவும் ஆலோசகராகவும் ஒரே பள்ளியில் பணியாற்ற முடியும். உளவியல் சோதனை நடத்தி அறிக்கை தரும் தகுதி மட்டும் இதில் வராது.

கேள்வி: எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். களப்பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதவும், ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார்கள். கடைசி நாளில் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் நான் எதையும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. உண்மையான பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? – மாணவர், மதுரை

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இதை நீங்களே உணர்ந்து எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. பெரும்பாலோர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

களப்பயிற்சியின் முதல் பாடம் கவனித்து எழுதுவது. என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர், மூன்றாம் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து ஒரு சிறுவனைக் கவனித்துவிட்டு, ‘கவனமின்மை உடையவன், அடம் பிடிப்பவன், ஆசிரியர் சொல்வதை மதிப்பதில்லை’ என்று குறிப்பு எழுதிவந்தார். அவற்றில் எதுவும் கண்ணால் பார்த்தது அல்ல; மூன்றும் தீர்ப்புகள். மறுநாள் அதே வகுப்புக்கு அனுப்பி, கடிகாரத்தைப் பார்த்து, அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதச் சொன்னேன். அந்த இரண்டாவது குறிப்பு இப்படி இருந்தது: கணக்குப் பாட வேளை முழுவதும் அவன் இடத்தை விட்டு எழவில்லை. தமிழ்ப் பாடத்தில் ஒவ்வொருவராக எழுந்து வாசித்துவந்தபோது, தன் முறைக்கு இன்னும் இருவர் இருக்கையில் பென்சிலைக் கீழே தவறவிட்டுக் குனிந்து தேடினான். அடுத்து, தண்ணீர் குடித்து வர அனுமதி கேட்டான். ஆசிரியர் மறுத்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இந்தக் குறிப்பைப் படித்த பிறகு அந்த மாணவிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிறுவனைத் தனியாக அமர்த்தி வாசிக்கச் சொன்னபோது, ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசித்தான். ‘கொக்கு’ என்று எழுதச் சொன்னதற்கு ஒற்றைக்கொம்பைப் போட்டுவிட்டுத் துணைக்காலை விட்டான். முதல் நாள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதியிருந்தால், அவனுடைய பெற்றோர் கவனக்குறைபாட்டுக்கு மருத்துவம் தேடி அலைந்திருப்பார்கள். அவனுக்கு வேண்டியிருந்ததோ, வாசிப்பைப் படிப்படியாகக் கற்றுத்தரும் ஒரு சிறப்பாசிரியரும், வகுப்பில் எல்லார் முன்னும் வாசிக்கும் கட்டாயத்திலிருந்து சில மாத விடுதலையும்.

உங்கள் பயிற்சியில் இவை இருக்க வேண்டும்: வகுப்பறைக் கவனிப்பு, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் குழந்தையின் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்தல், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எளிய தொடக்கநிலைச் சோதனைகள், சிறு குழுவாக மாணவர்களோடு சில அமர்வுகள், இவை அனைத்தின் முடிவையும் ஒரு தாய் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தல். கடைசியில் சொன்னதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலக் கலைச்சொற்கள் நிறைந்த எட்டுப் பக்க அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘என் பிள்ளைக்கு என்னங்க?’ என்று வேறொருவரிடம் கேட்கும் நிலைக்குப் பெற்றோரைத் தள்ளக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வாரம் ஒரு முறையாவது தகுதி பெற்ற ஒருவர் உங்கள் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்து, ‘இதை எப்படித் தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத பயிற்சி எத்தனை மாதம் நீடித்தாலும் பயிற்சி ஆகாது. பள்ளியின் மீது குறை சொல்லாமல், ‘வாரத்தில் இன்னின்ன நாள் வகுப்புக் கவனிப்பு, இன்னின்ன நாள் மேற்பார்வையாளர் சந்திப்பு’ என்று ஓர் அட்டவணையைத் துறையின் மூலமாகவே எழுத்தில் பள்ளிக்கு அனுப்பச் செய்யுங்கள். தலைமையாசிரியர்கள் பலருக்கு, பயிற்சி மாணவரை வைத்து என்ன செய்வது என்று தெரியாததால்தான் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. உளவியல் முடித்து ஒரு பள்ளியில் ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறாள். மாணவர்களுக்கு ஐ.க்யூ. சோதனை நடத்தி, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் ஏற்படும் கற்றல் குறைபாடு) இருப்பதாகச் சான்று எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்கிறதாம். அவள் அப்படித் தரலாமா? – தந்தை, தஞ்சாவூர்

தரக் கூடாது. சேர்ந்த புதிதில் நிர்வாகத்திடம் மறுத்துச் சொல்வது கடினம் என்பதை அறிவேன். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பதிலை அவர் நிர்வாகத்திடம் காட்டினாலும் சரி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (Specific Learning Disability) என்பதும் ஒன்று. அதைக் கண்டறிவதற்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஒரு வரிசையை வகுத்தன. ஆசிரியர்கள் தொடக்கநிலையில் அடையாளம் காண வேண்டும். பிறகு குழந்தை மருத்துவர் நரம்பு மண்டலத்தையும், அதோடு பார்வையையும் செவித்திறனையும் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால்தான் குழந்தை உளவியலாளரோ மருத்துவ உளவியலாளரோ நுண்ணறிவு (ஐ.க்யூ.) சோதனையும், அதன் பின் நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையும் நடத்த வேண்டும். சான்று வழங்குவது அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியின் பொறுப்பு. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சான்று இல்லை. பொதுத் தேர்வில் சொல்வதை எழுத ஒருவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இந்தச் சான்றோடு தொடர்புடையவை என்பதால், தகுதியற்றவர் கொடுக்கும் தாள் தேர்வு நேரத்தில் ஏற்கப்படாமல் போய், அதை நம்பியிருந்த குழந்தையைத் தெருவில் நிறுத்திவிடும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், சோதனைக் கருவிகளைப் பற்றி அறிந்தவர் அவசரப்பட மாட்டார். நம் நாட்டில் இன்றும் பரவலாகப் பயன்படும் பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை, 1930களில் தார்வாடில் கன்னட, மராத்திக் குழந்தைகளை மனத்தில் வைத்து உருவானது. நாக்பூரில் மாலின் உருவாக்கிய இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனை 1969இல் வந்தது. தமிழ்வழியில் படிக்கும், அல்லது வீட்டில் வேறு மொழி பேசும் ஒரு குழந்தையிடம் இக்கருவிகளைப் பயன்படுத்தும்போது, எந்த வினா அறிவைச் சோதிக்கிறது, எந்த வினா அக்குழந்தை வளர்ந்த சூழலைச் சோதிக்கிறது என்று பிரித்தறிய நெடுநாள் பயிற்சி வேண்டும். சோதனையாளர் அந்த நேரத்தில் தோன்றியபடி தமிழில் மொழிபெயர்த்துக் கேட்ட கேள்விக்குக் குழந்தை விழித்ததை வைத்து, ‘நுண்ணறிவு குறைவு’ என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். வாசிப்பைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையான சிக்கல். டாலி என்ற டிஸ்லெக்சியா மதிப்பீட்டுத் தொகுப்பு முதலில் வெளிவந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில்தான். ஆங்கிலத்தில் தடுமாறும் குழந்தை தமிழில் சரளமாக வாசித்தால், அதற்குக் குறைபாடு இருக்கிறதா அல்லது ஆங்கிலம் சரியாகக் கற்பிக்கப்படவில்லையா என்பதை, இரண்டு மொழிகளிலும் பார்க்காமல் சொல்லவே முடியாது.

உங்கள் மகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொடக்கநிலையில் அடையாளம் காண்பது, பார்வையும் செவியும் சோதிக்கப்பட்டுவிட்டனவா என்று முதலில் உறுதி செய்வது, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் தெளிவான குறிப்போடு அனுப்புவது, அறிக்கை வந்த பின் வகுப்பறையில் என்ன மாற வேண்டும் என்று ஆசிரியரோடு அமர்ந்து திட்டமிடுவது ஆகிய அனைத்தும் அவருடைய பணி. நிர்வாகத்திடம், ‘நான் சான்று தர இயலாது, ஆனால் சான்று பெறுவதற்கான எல்லா வேலையையும் ஒருங்கிணைத்துத் தருகிறேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது; அவருக்கு அது மிகவும் பயன்படும்.

கேள்வி: படித்தால் வேலை கிடைக்குமா? அரசுப் பள்ளிகளில் பணியிடம் உண்டா? – பலர்

வாய்ப்பு கூடிவருகிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான சுக்தேவ் சாஹா வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளிலும் ஆலோசகர் நியமனத்தை வலியுறுத்துகிறது. ஆனால் தமிழக அரசுப் பள்ளிகளில் பள்ளிதோறும் நிரந்தர உளவியலாளர் பணியிடம் என்ற நிலை இன்னும் வரவில்லை. பள்ளி பள்ளியாகச் சென்றுவந்த அரசின் நடமாடும் ஆலோசனை மையங்களின் உளவியலாளர்கள் ஒவ்வொருவரும் எண்ணற்ற பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்பணியிடங்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியார் பள்ளிக் குழந்தைக்குக் கிடைப்பது அரசுப் பள்ளிக் குழந்தைக்குக் கிடைக்காமல் இருப்பதை ஏற்க முடியவில்லை. அதுவரை, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றின் ஒப்பந்தப் பணிகளையும் பாருங்கள்.

கேள்வி: பள்ளி ஆலோசகராகப் பயிற்சி பெறுகிறேன். மாணவி என்னிடம் சொன்னவற்றைத் தன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். அந்த மாணவியோ யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். நான் யார் பக்கம் நிற்பது? – பயிற்சி மாணவி, திருநெல்வேலி

முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவிடுவதுதான் முறை. ‘நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால், உன்னை யாராவது துன்புறுத்தினால், உன்னைக் காப்பாற்றக்கூடியவரிடம் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்’ என்பதைக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் கூற வேண்டும். எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். பயிற்சியில் இருப்பவர்கள் இரக்கத்தால் கொடுத்துவிடும் வாக்கு அதுதான்.

தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டியது, பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே. ‘இந்த மாணவிக்கு இரண்டு வாரம் வீட்டுப்பாடத்தில் தளர்வு வேண்டும், வகுப்பில் இடம் மாற்ற வேண்டும்’ என்று சொல்லலாம். அவளுடைய வீட்டில் தாய் தந்தைக்கு இடையே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. ஆசிரியர் அறையில் அது பேச்சாகிவிட்டால் அந்தப் பள்ளியில் இனி எந்தக் குழந்தையும் உங்களிடம் வாய் திறக்காது.

பாலியல் துன்புறுத்தல் என்றால் நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பயிற்சி மாணவி என்பதால் உங்களுக்கு விலக்கு இல்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் அது காரணம் ஆகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உடனே உதவி பெறலாம். குழந்தையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அது சொன்ன சொற்களை, அதன் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பது இவற்றில் எந்த வகை என்பது தெளிவாக இல்லை. இரண்டாவது வகை என்றால், இந்த இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், ஆசிரியர் குழு மூலம் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் இதே படிப்பைப் படிக்க என் மகன் விரும்புகிறான். அமெரிக்காவா, இங்கிலாந்தா? – தாய், கோவை

இரண்டு நாடுகளிலும் இது தனித் தொழில். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுள்ள குழந்தைகள் அனைவருக்கும் பொதுப் பள்ளியில் கல்வியை உறுதிசெய்த பிறகு, அவர்களை மதிப்பிடும் பணி பள்ளி உளவியலாளரின் கையில் வந்தது. இளங்கலைக்குப் பின் சுமார் மூன்று ஆண்டு, அதாவது 60 செமஸ்டர் மணிக்கு (பாடச் சுமையை அளக்கும் அலகு இது) குறையாத, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட சிறப்புநிலைப் பட்டமும், இறுதியாண்டில் 1,200 மணி நேரக் களப்பயிற்சியும், அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியிலும் என்பது பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் வகுத்த தரம். உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலம் என்பதால், எந்த மாநிலத்தில் பணிபுரிய எண்ணுகிறார் என்பதைப் பார்த்தே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1913இல் லண்டன் கவுண்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு சிரில் பர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்ததிலிருந்து தொடங்கும் வரலாறு இந்தத் தொழிலுக்கு உண்டு. இன்று அங்கே கல்வி உளவியலாளர் ஆக மூன்றாண்டு முனைவர் பட்டம் வேண்டும். அதில் சேர, பிரிட்டிஷ் உளவியல் சங்கம் ஏற்கும் உளவியல் பட்டமும் குழந்தைகளோடு பணியாற்றிய அனுபவமும் தேவை. இடங்கள் மிகக் குறைவு. வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க வழியே சற்றுத் திறந்திருக்கிறது என்பது என் எண்ணம். செலவு மட்டும் மிக அதிகம். எந்த நாடாக இருந்தாலும், இங்கே ஓராண்டு பள்ளியில் பணியாற்றிவிட்டுச் செல்வது அவருடைய விண்ணப்பத்துக்கும் அவருக்கும் நல்லது.

கேள்வி: கல்லூரி முதலாண்டில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றேன். இப்போது நலமாக இருக்கிறேன். நான் உளவியலாளர் ஆகலாமா? யாரிடமும் கேட்க முடியாமல் உங்களிடம் கேட்கிறேன். – பெயர் வேண்டாம்

தாராளமாக ஆகலாம். சிகிச்சை பெற்று மீண்டவர்கள் இத்துறையில் மிகச் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள். சிகிச்சை பெற்றதை எந்த மாணவரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்கள் அனுபவத்தை ஒத்த நிலையில் ஒரு குழந்தை வரும்போது, அதற்கு வேண்டியதும் உங்களுக்கு அன்று வேண்டியிருந்ததும் ஒன்றுதான் என்று மனம் எண்ணத் தொடங்கும். பயிற்சிக் காலத்தில் அத்தகைய அமர்வு முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் தனியாகப் பேசுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நல்ல மேற்பார்வையாளர் அதை உங்கள் குறையாகக் கருத மாட்டார். மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், படிப்பின் சுமை கூடும் தேர்வு மாதங்களில் நீங்களாக அதை நிறுத்தாமல் மருத்துவரைத் தொடர்ந்து பாருங்கள். நள்ளிரவில் பேச யாருமில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம்.